ஹைபிரிட் காரின் திரவங்கள்: எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களில் பலர் பொனற்றைத் திறப்பார்கள், செம்மஞ்சள் நிற வயர்களைக் கண்டதும் மூடிவிடுவார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் பின் இருக்கைக்குப் பின்னால் உள்ள பெரிய பற்றரி 201.6 வோல்ட். இன்வேர்ட்டர் அதை 650 வோல்ட் வரை உயர்த்தி மோட்டருக்குக் கொடுக்கிறது. அந்த மின்சாரம் ஓடும் செம்மஞ்சள் வயர்களைத் தொடவே கூடாது. ஆனால் இந்த அத்தியாயத்தில் நான் செய்யச் சொல்லும் எந்த வேலைக்கும் அவற்றைத் தொடத் தேவையில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. பயந்து விலகி நிற்பதால் கியர்ப் பெட்டி ஒயிலும் இன்வேர்ட்டர் கூலன்டும் பத்துப் பதினைந்து வருடங்களாக யாரும் பார்க்காமலே கிடக்கின்றன. உண்மையில் இவை இரண்டும் வீட்டு முற்றத்தில் வைத்தே செய்யக்கூடிய எளிய வேலைகள். மறுபக்கம், பழைய கொரோலாவில் தன் கையாலேயே பிரேக் ஒயில் மாற்றிப் பழகியவர் ஹைபிரிட் காரிலும் அதே துணிச்சலோடு இறங்கிவிடுகிறார். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

இலங்கையில் ஓடும் ஹைபிரிட் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிவிட்டு ரீகண்டிஷனாக வந்து இறங்கியவை. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் இருந்த காரையே காப்பாற்ற வேண்டியிருந்தது. இன்றைய விலையில் பலருக்கு இனியும் அதே நிலைதான். எனவே 2009 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸையே இங்கே மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். டொயோட்டா அக்குவா வைத்திருப்பவர்களுக்கும் முறை ஏறத்தாழ இதுதான், அளவுகள் மாறும். ஹொண்டா ஃபிட் ஜிபி5, முதல் தலைமுறை வெசல் வைத்திருப்பவர்கள் கியர்ப் பெட்டிப் பகுதியை விட்டுவிடுங்கள். அவற்றில் இரட்டைக் கிளச் கியர்ப் பெட்டி இருக்கிறது. அதன் ஒயிலும் வேறு, முறையும் வேறு.

கார் உண்மையிலேயே நின்றுவிட்டதா?

சாதாரணக் காரில் சத்தம் நின்றால் எஞ்சின் நின்றுவிட்டது என்று பொருள். ஹைபிரிட்டில் அப்படி இல்லை. மீற்றரில் பச்சை நிறத்தில் 'ரெடி' என்ற எழுத்து எரிந்தால், எத்தனை அமைதியாக நின்றாலும் அந்தக் கார் ஓடிக்கொண்டிருக்கும் கார்தான். பற்றரியில் மின்சாரம் குறைந்தாலோ, எஞ்சின் சூடு இறங்கினாலோ, யாரும் எதையும் தொடாமலே எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். அந்த நேரம் நீங்கள் ஒயிலை வடித்துவிட்டு வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தால், ஒரு சொட்டு ஒயிலும் இல்லாமல் எஞ்சின் சுற்றும். உங்கள் கை உள்ளே இருந்தால் கைக்கும் ஆபத்து.

எனவே ஒவ்வொரு வேலைக்கும் முன் பவர் பொத்தானை அழுத்தி அணையுங்கள். மீற்றர் முழுவதும் இருண்டுவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்மார்ட் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். சாவி காருக்கு அருகில் இருந்தால், பிள்ளைகள் ஏறி விளையாடும்போது ஒரு பொத்தானில் கார் விழித்துக்கொள்ளும்.

காரைத் தூக்குவது பற்றி ஒன்றே ஒன்று. ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டும். காரைத் தாங்கி நிற்க வேண்டியது ஸ்டாண்ட். ஸ்டாண்ட் வைக்காத காருக்குக் கீழே தலையை நுழைக்க வேண்டாம். மணல் முற்றம் என்றால் ஸ்டாண்டுக்குக் கீழே கனமான பலகை போடுங்கள்.

எஞ்சின் ஒயில்

இது எல்லோருக்கும் தெரிந்த வேலை என்பதால், ஹைபிரிட்டுக்கே உரிய விடயங்களை மட்டும் சொல்கிறேன்.

பிரியஸின் 1.8 லீற்றர் எஞ்சினுக்கு 0டபிள்யூ-20 ஒயில், வடிகட்டியும் மாற்றினால் 4.2 லீற்றர். அக்குவாவின் 1.5 லீற்றர் எஞ்சினுக்கு ஏறத்தாழ 3.7 லீற்றர். 'எங்கள் வெயிலுக்குத் தடித்த ஒயில்தான் நல்லது' என்று 20டபிள்யூ-50 ஊற்றும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஹைபிரிட்டுக்கு அது பொருந்தாது. இந்த எஞ்சின் ஒரு பயணத்திலேயே பலமுறை நின்று நின்று புறப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒயில் உடனே மேலே ஏற வேண்டும். அதற்காகவே மெல்லிய ஒயில் வைத்து வடிவமைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விளைவும் உண்டு. பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் காரில் எஞ்சின் முழுச் சூடு ஏறும் முன்பே பலமுறை அணைந்துவிடுகிறது. எரியாத பெற்றோலும் நீராவியும் ஒயிலுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அதனால் கிலோமீற்றர் குறைவு என்று சொல்லி ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். 0டபிள்யூ-20 பயன்படுத்தினால் 16,000 கிலோமீற்றர் வரை போகலாம் என்பது அமெரிக்காவில் டொயோட்டா கொடுத்த கணக்கு. நம் ஊர் நெரிசலுக்கும் குறும்பயணத்துக்கும் 8,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது போதும் என்பது என் கருத்து. இடையில் மாதம் ஒருமுறை அளவுகோலை இழுத்துப் பாருங்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸ்களில் ஒயில் குடிப்பவை உண்டு.

வடிகால் போல்ற்றின் தலை 14 மில்லிமீற்றர். இறுக்கம் 37 நியூட்டன் மீற்றர். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பிரியஸில் வடிகட்டி முழு டப்பாவாக வராது. ஒரு மூடிக்குள் காகித வடிகட்டி மட்டும் இருக்கும். அந்த மூடியைக் கழற்ற 64 மில்லிமீற்றர் கிண்ணச் சாவி தேவை. சங்கிலிச் சாவி போட்டால் மூடி வெடித்துவிடும். மூடியிலேயே 25 நியூட்டன் மீற்றர் என்று பொறித்திருப்பார்கள், அதற்கு மேல் இறுக்காதீர்கள். பழைய ரப்பர் வளையம் மூடியின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். அதை எடுக்காமல் மேலே புதியதைப் போட்டால் ஒயில் கசியும். புதிய வளையத்துக்குக் கொஞ்சம் ஒயில் தடவிப் போடுங்கள். அக்குவாவில் வடிகட்டி பழைய முறைப்படி திருகிக் கழற்றும் டப்பா.

ஒயில் ஊற்றியபின் எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு பார்க்க வேண்டும். ஹைபிரிட்டில் எஞ்சின் தானே நின்றுவிடும், எப்படிப் பார்ப்பது? அதற்கென்று பராமரிப்பு நிலை ஒன்று இருக்கிறது. கைப் பிரேக்கைப் போட்டுவிட்டு, பிரேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இரண்டு முறை அழுத்தி 'ஒன்' நிலைக்குக் கொண்டுவாருங்கள். 'பி' நிலையில் அக்ஸிலேற்றரை இரண்டு முறை அடிவரை மிதியுங்கள். 'என்' நிலைக்கு மாற்றி அதேபோல் இரண்டு முறை. மீண்டும் 'பி'க்கு வந்து இரண்டு முறை. திரையில் பராமரிப்பு நிலை என்று வரும். பிறகு பிரேக்கை மிதித்துப் பவர் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் நிற்காமல் ஓடும். இத்தனையையும் 60 விநாடிக்குள் முடிக்க வேண்டும். இந்த நிலையில் காரை ஓட்டாதீர்கள், கியர்ப் பெட்டி கெடும். பவரை அணைத்தால் கார் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கியர்ப் பெட்டி ஒயில்

ஹைபிரிட் காருக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரியஸின் கியர்ப் பெட்டிக்குள் கிளச்சும் இல்லை, டோர்க் கொன்வேர்ட்டரும் இல்லை. இரண்டு மின் மோட்டர்களும் கோள் பற்சக்கரத் தொகுதியும் இருக்கின்றன. அங்கே இருக்கும் ஒயில் பற்சக்கரங்களுக்கு மட்டும் வேலை செய்வதில்லை. மோட்டரின் செப்புக் கம்பிச் சுருள்களின் சூட்டையும் அதுதான் வெளியே எடுக்கிறது. கடுகண்ணாவை ஏற்றத்திலோ நுவரெலியாப் பாதையிலோ ஐந்து பேரோடு ஏறும்போது அந்தச் சூடு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். ஒயில் கெட்டால் சுருளின் காப்புப் பூச்சுக்கும் ஆபத்து. பிறகு மாற்ற வேண்டியது முழுக் கியர்ப் பெட்டியையே.

டொயோட்டா இதற்குக் கட்டாய மாற்றும் காலம் எதையும் விதிக்கவில்லை, பரிசோதிக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் 1,00,000 கிலோமீற்றர் ஓடிய காரில் இருந்து வடியும் ஒயிலைப் பாருங்கள். புதிதாக இருந்தபோது கண்ணாடிபோல் தெளிந்த சிவப்பாக இருந்தது, அடர்ந்த பழுப்பாகவோ கறுப்பாகவோ இறங்கும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் 'ஆயுள் முழுவதற்கும் போதும்' என்ற பேச்சை நம்பமாட்டார். 80,000 முதல் 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள். ரீகண்டிஷன் கார் வாங்கியவருக்கு மீற்றரில் உள்ள எண்ணை நம்ப வழியில்லை. வாங்கியவுடன் ஒருமுறை மாற்றிவிட்டு அங்கிருந்து கணக்கைத் தொடங்குவதே நல்லது.

ஊற்ற வேண்டியது டொயோட்டாவின் ஏடிஎஃப் டபிள்யூஎஸ் மட்டுமே. 'எல்லாக் கியருக்கும் பொருந்தும்' என்று எழுதிய ஒயில் வேண்டாம். மின் சுருள் நனையும் இடத்தில் சோதனை செய்து பார்க்க முடியாது. மூன்றாம் தலைமுறை பிரியஸுக்கு 3.4 லீற்றர், இரண்டாம் தலைமுறைக்கு 3.8 லீற்றர். நான்கு லீற்றர் வாங்கிக்கொள்ளுங்கள், முத்திரை உடையாத கானாகப் பார்த்து.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் திறக்க வேண்டியது மேலே உள்ள நிரப்பும் போல்ற், கீழே உள்ள வடிகால் போல்ற் அல்ல. பல வருடங்கள் இறுகிக் கிடந்த போல்ற் சில வேளை அசைந்துகொடுக்காது. ஒயிலை வடித்தபின் அது தெரியவந்தால் கார் முற்றத்திலேயே நிற்க வேண்டியதுதான். மேலே திறந்துவிட்டது என்று உறுதியான பிறகு கீழே திறவுங்கள். இரண்டாம் தலைமுறை பிரியஸில் கூலன்ட் வடிகால் போல்ற்றும் இதே பெட்டியில்தான் இருக்கிறது. தவறானதைத் திறந்தால் இளஞ்சிவப்பாக நீர்போல் கொட்டும். அப்படிக் கண்டால் உடனே மூடுங்கள்.

வடிந்த ஒயிலை அளவு போட்ட போத்தலில் ஊற்றிப் பாருங்கள். 3.4 லீற்றருக்கு மிகவும் குறைவாக இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. கீழ்ப் போல்ற்றைப் புது வாஷரோடு மூடிவிட்டு, பொனற் பக்கமிருந்து நீண்ட தெளிவான ரப்பர்க் குழாயை நிரப்பும் துளைக்கு இறக்கி, மேலே புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். துளையின் கீழ் விளிம்பில் ஒயில் வந்து மெல்ல வழியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். சரியான மட்டம் அந்த விளிம்பில் இருந்து 10 மில்லிமீற்றர் கீழ் வரை. இந்த மட்டம் சரியாக வர வேண்டுமானால் கார் நான்கு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்து ஊற்றினால் மட்டம் பிழைக்கும்.

சாதாரண ஒட்டோ கியர் போல எஞ்சினைச் சூடாக்கி, கியரை மாற்றி மாற்றிப் போட்டு அளவு பார்க்கும் தொல்லை இதில் இல்லை. கழற்றி மாற்ற வடிகட்டியும் இல்லை.

இரண்டு கூலன்ட்

பிரியஸில் கூலன்ட் ஓடும் பாதை இரண்டு. ஒன்று எஞ்சினுக்கு, மற்றது இன்வேர்ட்டருக்கும் மோட்டர்களுக்கும். இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி. சர்வீசுக்குக் கொடுக்கும்போது பெரும்பாலும் எஞ்சின் தொட்டியை மட்டுமே பார்ப்பார்கள். இன்வேர்ட்டர் என்பது பொனற்றுக்குள் தெரியும் வெள்ளிநிறப் பெட்டி. அதிலிருந்து போகும் ரப்பர்க் குழாயைக் கண்ணால் பின்தொடர்ந்தால் அதன் தொட்டி தெரியும்.

இரண்டிலும் ஊற்ற வேண்டியது டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட். நீர் கலந்தே போத்தலில் வருகிறது, அதில் மேலும் நீர் சேர்க்கக் கூடாது. கிணற்று நீரோ பைப் நீரோ கூடவே கூடாது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்பது கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். இன்வேர்ட்டருக்குக் கீழே உள்ள நுண்ணிய அலுமினியப் பாதைகளில் அது படிந்தால் கழுவி எடுக்க முடியாது.

டொயோட்டாவின் அமெரிக்க அட்டவணைப்படி எஞ்சின் கூலன்டை முதல்முறை 1,60,000 கிலோமீற்றரிலும், இன்வேர்ட்டர் கூலன்டை 2,40,000 கிலோமீற்றர் அல்லது 15 ஆண்டிலும், பிறகு 80,000 கிலோமீற்றருக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். 2010 பிரியஸுக்கு மீற்றர் என்ன சொன்னாலும் வயதுக் கணக்கு முடிந்துவிட்டது.

இன்வேர்ட்டர் பாதையின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர்தான். முழுவதையும் வடித்து மாற்றினால் உள்ளே காற்று சிக்கும். காற்றுக் குமிழி இருந்தால் பம்ப் சுற்றினாலும் திரவம் ஓடாது. முக்கோண எச்சரிக்கை விளக்கு எரியும், ஸ்கேன் செய்தால் பி0ஏ93 என்று வரும். எனவே முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது உறிஞ்சி மாற்றும் முறை. பவரை அணைத்து, எல்லாம் ஆறியபின் தொட்டி மூடியைத் திறந்து, பார்மசியில் வாங்கும் பெரிய சிரிஞ்சில் மெல்லிய குழாய் பொருத்திப் பழையதை உறிஞ்சி எடுங்கள். தொட்டியின் அடியில் உள்ள குழாய் வாய் வெளியே தெரியும் அளவுக்கு எடுக்காதீர்கள். கொஞ்சம் மீதம் விட்டால் காற்று உள்ளே போகாது. புதியதை 'எஃப்' கோடு வரை ஊற்றி, ஒருநாள் ஓட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். தொட்டியில் தெரியும் நிறம் புதுப் போத்தலின் நிறத்துக்கு வரும்வரை தொடர்ந்தால் போதும்.

அதே தொட்டியில் பம்பையும் சோதித்துவிடலாம். காரை 'ரெடி'க்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, கையை உள்ளே விடாமல் டோர்ச் அடித்துப் பாருங்கள். திரவத்தின் மேற்பரப்பு சுழன்று சலசலத்தால் பம்ப் வேலை செய்கிறது. குளம்போல் அசையாமல் நின்றால் பம்ப் போய்விட்டது, அல்லது காற்று சிக்கியிருக்கிறது. அந்த நிலையில் காரை நெடும்பயணத்துக்கு எடுக்க வேண்டாம்.

எஞ்சின் கூலன்டை முழுமையாக மாற்றுவதை, வெற்றிடப் பம்ப் வைத்து நிரப்பும் கராஜில் விட்டுவிடுங்கள். மூன்றாம் தலைமுறையில் எஞ்சின் நீர்ப் பம்பும் மின்சாரத்தில் ஓடுவது. காற்று எடுப்பது எளிதல்ல. நீங்கள் செய்ய வேண்டியது வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டம் பார்ப்பது. தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் மட்டம் மட்டும் மெல்ல இறங்குகிறது, காலையில் ஸ்டார்ட் ஆகும்போது எஞ்சின் சில விநாடிகள் பலமாக உதறுகிறது என்றால், சிலிண்டர் ஹெட் கஸ்கெற் போகத் தொடங்கியிருக்கக்கூடும். இந்தத் தலைமுறைக்கு நன்கு அறியப்பட்ட குறை அது. கூலன்டை மேலே மேலே ஊற்றிச் சமாளிக்காமல் மெக்கானிக்கிடம் போங்கள்.

தொடக் கூடாதவை

பிரேக் ஒயில் முதலாவது. பிரியஸின் சாரதிக் கதவைத் திறந்ததும் முன்பக்கம் 'ர்ர்ர்' என்று ஒரு சிறு மோட்டர்ச் சத்தம் கேட்கும். நீங்கள் பிரேக்கைத் தொடும் முன்பே கணினி பிரேக் அழுத்தத்தைத் தயார் செய்யும் சத்தம் அது. பழைய காரில் ஒருவர் மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து காற்று எடுப்பது வழக்கம். இங்கே வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும் கணினிதான். டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் போன்ற ஸ்கேனர் இல்லாமல் முழுமையாகக் காற்று எடுக்க முடியாது. பாதி வேலையில் நின்றால் பிரேக்கே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். பாட் மாற்றும்போதும் காரை முழுமையாக அணைத்துக் கதவுகளைத் திறக்காமல் செய்ய வேண்டும் என்பதற்கும், கதவைத் திறந்ததும் கணினி தயார் செய்யும் அந்த அழுத்தமே காரணம்.

அதற்காகப் பிரேக் ஒயிலை மறந்துவிடாதீர்கள். ஹைபிரிட்டில் வேகம் குறைப்பதில் பெரும்பகுதியை மோட்டரே பார்த்துக்கொள்வதால் பாட் நெடுங்காலம் உழைக்கும். ஒயில் அப்படி இல்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு அல்லது மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஸ்கேனர் உள்ள கராஜில் டொட் 3 ஒயில் மாற்றுங்கள். வேலை தொடங்கும் முன் 'ஸ்கேனர் போட்டுத்தானே காற்று எடுப்பீர்கள்?' என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஏசி இரண்டாவது. ஹைபிரிட்டின் ஏசி கொம்பிரசர் பெல்ற்றில் ஓடுவதல்ல, உயர் அழுத்த மின்சாரத்தில் ஓடுவது. மோட்டரின் சுருளே கொம்பிரசருக்குள் உள்ள ஒயிலில் நனைகிறது. அதனால் மின்சாரம் கடத்தாத என்டி-11 ஒயில்தான் உள்ளே இருக்க வேண்டும். சாதாரணக் காருக்குப் போடும் பிஏஜி ஒயில் கொஞ்சம் கலந்தாலே மின்கசிவு ஏற்படும். கார் அதைக் கண்டுபிடித்து 'ரெடி'க்கு வர மறுத்துவிடும். காஸ் அடிக்கப் போகும் இடத்தில் இது ஹைபிரிட் கார் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முந்தைய காருக்குப் பயன்படுத்திய அதே ஹோசும் மெஷினும் என்றால், உள்ளே மிஞ்சிய ஒயிலும் சேர்ந்தே வரும்.

மற்றவை சில வரிகளில். பவர் ஸ்டியரிங் மின்சாரத்தில் இயங்குவதால் அதற்கு ஒயில் கிடையாது. டிக்கியில் உள்ள 12 வோல்ட் பற்றரிக்கு நீர் ஊற்ற வேண்டியதில்லை. பெரிய பற்றரியும் காற்றில் குளிர்வதே. பின் இருக்கைப் பக்கத்தில் உள்ள காற்று வாயைத் தூசி இல்லாமல் வைத்திருங்கள். செம்மண் ஒழுங்கைகளில் ஓடும் கார்களில் அது விரைவில் அடைத்துவிடும்.

கழிவு ஒயில்

இந்த வேலைகள் முடியும்போது உங்கள் முற்றத்தில் ஏழெட்டு லீற்றர் பழைய ஒயிலும் கொஞ்சக் கூலன்டும் இருக்கும். கூலன்ட் இனிப்பானது, நாயும் பூனையும் நக்கும், நக்கினால் செத்துப்போகும். திறந்த பாத்திரத்தில் ஒரு நிமிடமும் வைக்காதீர்கள். ஒயிலை வேலிக் கதியாலடியில் ஊற்றுவது, கறையானுக்கு என்று மரத்தில் பூசுவது, வடிகாலில் விடுவது எல்லாம் கிணற்றுக்குள் ஊற்றுவதற்குச் சமம். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புப் பாறை எதையும் தடுத்து வைக்காது. சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவு ஒயில் கலந்தபோது அந்த ஊர்ச் சனம் குடிநீருக்கு எவ்வளவு அலைந்தது என்பது நமக்குத் தெரியும். பழைய ஒயிலைப் புது ஒயில் வந்த கானிலேயே அடைத்து, கூலன்டைத் தனிப் போத்தலில் ஊற்றி, கழிவு ஒயில் சேகரிக்கும் சேவை நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் அதை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.